மரியாயின் சேனையில் ஒரு குடிகாரன்

– வாசப்படியோட நில்லுய்யா. உள்ள கால வச்சே, வெளக்கமாறுதான் பேசும்.

– அகதா, நாலு மாசமா ஒரு சொட்டுத் தொடலைலா. நெசமா. அதச் சொல்லத்தான் வந்தேன். வீட்டுக்குத் திரும்பி வரவா?

– சுங்காய் தோட்டத்துல இருந்தப்ப இதையே எத்தன தடவ சொன்னே? அந்தோனியார் சுரூபத்து மேல கை வச்சு சத்தியம் பண்ணிட்டு, அன்னிக்குச் சாயங்காலமே சம்சுச் சாராயக் கடையில குந்தியிருந்தே. தொரைங்க தோட்டத்தத் துண்டு போட்டு வித்து, நாம ஈப்போ புந்தோங்குக்கு வந்தப்பவாவது திருந்துவேன்னு பாத்தேன். இங்க வந்து லோரி ஓட்டுற கூட்டாளிங்களோட இன்னும் கூடிப்போச்சு.

– முன்ன வாங்க போங்கன்னு சொல்லுவே. இப்ப நீ, வா, போ.

– சாக்கடையில விழுந்து, சேறும் சகதியுமா பெட்ரீசியா பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னியே, அன்னிக்கே அந்த மருவாதி போச்சு. எம்மவ மூணு நாளு பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுதா. கையில என்ன மூட்ட?

– அரிசி. பத்து கிலோ. கொஞ்சம் நகரு, டின்னுல கொட்டிட்டுப் போறேன்.

– அரிசி டின்னத் தொட்டே, நடக்கறதே வேற! கீழ வைய்யா. எனக்குக் கொட்டத் தெரியும்.

– சரிலா, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறே? வாயில என்னத்த மென்னுக்கிட்டே இருக்கே?

– ஏலக்கா. பல்லு வலி. அதையும் உங்கிட்டக் கேட்டுத்தான் மெல்லணுமா? ஈப்போ வந்துதான் கொஞ்சம் மானத்தோட நடமாடுனேன். கோயில்ல நாங்க செபம் பண்ற மரியாயின் சேனைக்குள்ள வந்து அதையும் ஒடச்சுப் போட்டுட்டே.

– அது தெரியாமப் பண்ணுனதுலா. லோரி மொதலாளி தவுக்கேதான் சொன்னாரு, குடிய விடுறவங்க கூட்டம் ஒண்ணு செவ்வாக்கெழம ஆறு மணிக்குக் கோயிலுக்குப் பின்னால நடக்குதுன்னு. உள்ள போனதும் எந்திரிச்சுப் பேரச் சொல்லு, குடிகாரன்னு சொல்லு, வெக்கப்படாதேன்னாரு. மணியடிக்கிற கோயில்பிள்ளைகிட்டக் கூட்டம் எங்கன்னு கேட்டேன். அவரு கைகாட்டுன ரூமுக்குள்ள போனேன்.

– பதினெட்டுப் பொம்பளைங்க செபமாலையோட உக்காந்திருக்கோம். அதப் பாத்துமா உனக்குத் தெரியல?

– குடிச்சுத் திருந்துனவங்க வூட்டுப் பொம்பளைங்க, நன்றி சொல்லி செபம் பண்றாங்கன்னு நெனச்சேன். பயத்துல கண்ண மூடிட்டுச் சொல்லிட்டேன். கண்ணத் தொறந்தா மூணாவது நாற்காலியில நீ.

– 'என் பேரு கஸ்பார், நான் குடிகாரன்.' ரோசம்மா முந்தானைய வாயில அடச்சிக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு உசுரே போயிருச்சு. அன்னிக்குத்தான் உன் துணிமணிய வாசல்ல எறிஞ்சேன். இன்னிக்கும் பூசைக்குப் போனா 'பாவம் அகதா'ங்கறாளுங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்யா.

– லோரிக் கொட்டாயில கொசுக்கடியில நாலு மாசம் படுத்துட்டேன். அது பத்தாதா? நெசமான கூட்டம் பக்கத்து ரூமுதான். மறுவாரம் அங்க போனேன். இங்கிலீசுலதான் பேசுறாங்க. ஒருத்தரு எனக்குத் தமிழ்ல சொல்லுவாரு.

– அங்க யாரு வருவா? உன்ன மாதிரி சாக்கடையில விழுந்ததுங்கதானே.

– படிச்சவங்களும் வாராங்க. ஒரு சீனத்தி டீச்சர் வருது.

– பொம்பளையா? பொய் சொல்லாதே.

– நெசமாலா. புள்ள பெத்தப்ப ஒடம்புக்கு நல்லதுன்னு கோழியில சாராயம் ஊத்திக் குடுத்தாங்களாம். நம்மாளுங்க பிராந்தி குடுக்குற மாதிரி. பத்தியம் நாப்பது நாளு முடிஞ்சும் அதால விட முடியல. மருந்து மருந்துன்னு சொல்லியே ஆறு வருசம் ஓடிருச்சாம்.

– அதுக்குப் புருசன் இல்லையா? அவனுக்குத் தெரியலையா?

– அவனே குடிகாரன். அவனுக்கு ஏது கண்ணு?

– அது பேரு என்ன? எந்தப் பள்ளிக்கூடம்?

– அதச் சொல்லக் கூடாது.

– கதையெல்லாம் சொல்லிட்டே, பேருக்கு மட்டும் என்ன?

– யாருக்காச்சும் உதவும், கதையச் சொல்லுங்கன்னு அதுவேதான் சொல்லுச்சு. பேரு மட்டும் அந்த ரூம விட்டு வெளிய வராது.

– பொண்டாட்டிகிட்டக்கூடவா? பேரச் சொல்லு, இன்னிக்கே உள்ள வரலாம். பாய் விரிச்சுத் தாரேன்.

– மாட்டேன் அகதா. நீ சேத்துக்கலன்னாலும் சொல்ல மாட்டேன். அரிசி இங்க இருக்கு. எடுத்து வையி. நான் போறேன்.

– நில்லுய்யா. குடிச்சுக் குடிச்சு உன் மூக்கு செத்துக் கெடந்துச்சே. இப்ப வாசம் தெரியுதா?

– தெரியுது. எதுக்குக் கேக்குறே?

– அதனாலதான் உன்ன உள்ள விடல. உள்ள வந்து அந்த டின்னத் தொற. அரிசிக்குள்ள அடி வரைக்கும் கைய வுடு.

– அகதா... இது பிராந்தி. பாதி காலி.

– பெட்ரீசியா பொறந்தப்பக் குடுத்த மருந்து. எட்டு வருசமாச்சு, இன்னும் விடல. செவ்வாக்கெழம அஞ்சரைக்கு வாங்க. வீட்டுல வந்து இருக்க இல்ல, அந்தப் பக்கத்து ரூமுக்கு என்னயக் கூட்டிட்டுப் போக.