குலுங்காத மோட்டார்

"வயரும் பேட்டரியுமா சிவகாசி பஸ்ல ஏறுனா எம்புட்டுப் பேரு பயப்படுவாக? எறங்குங்க அண்ணாச்சி."

திருத்தங்கல் நிறுத்தத்தில் கண்டக்டர் இப்படிச் சொன்னது, என் முன் சீட்டில் வயர் நீட்டிக்கொண்டிருந்த தகரப் பெட்டியை மடியில் வைத்திருந்தவரிடம். பக்கத்தில் அவர் மனைவி.

"வெடிமருந்து இல்லண்ணே. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுற மெஷினு. இன்னைக்கு மொதலாளிகிட்ட ஓட்டிக் காட்டலைன்னா ஆர்டர் கோயம்புத்தூருக்குப் போயிரும்."

"போன வாட்டி அம்புட்டு லேபிளையும் கிழிச்சீகளே," என்றார் மனைவி.

"அப்ப எடுத்த எடுப்புலயே முழு வேகம் குடுத்தேன், படிப்படியாச் சுத்துற ஸ்டெப்பர் மோட்டார் வெட்டி வெட்டி இழுத்துச்சு. இப்ப மைக்ரோகன்ட்ரோலர்னு ஒரு சின்னச் சிப்பு ஒவ்வொரு ஸ்டெப்பையும் பொடிசாப் பிரிச்சு, வேகத்தை மெல்லக் கூட்டும். பாருங்கண்ணே."

சுவிட்சைப் போட்டார். லேபிள் சுருள் சத்தமில்லாமல் நகர்ந்தது. விசிலுக்குக் காத்திராமல் டிரைவர் பஸ்ஸை வெடுக்கென்று எடுத்தார். கண்டக்டர் கம்பியில் முட்டிக்கொண்டார். லேபிள் கிழியவில்லை.

கண்டக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

"ரெண்டு சிவகாசி. மொதலாளிகிட்டக் காட்டிட்டு, நம்ம டிரைவருக்கும் அதுல ஒண்ணு மாட்டி விடுங்க."