ஸில்மியாவக் காணல்ல

— உண்மையச் செல்லுங்க அப்ராஸ் மருமகன். புள்ளய நீங்களா கூட்டிப் போன?

— என்ன மாமா கதைக்கிறீங்க? நான் பொத்துவில்ல, என்ட கடையில நிக்கன். ஸில்மியாவுக்கு என்ன?

— காணல்ல. சுபஹு தொழுதிட்டு வந்து ஒருக்காக் கண்ண மூடினன். எழும்பிப் பாக்கன், அவட பாய் வெறும் பாயாக் கிடக்கு.

— காணல்லயா? பாருங்க மாமா, ஆறு வயசுப் புள்ள அது! வளவுக்குள்ள தேடினீங்களா?

— வளவு, கோழிக்கூடு, கட்டிலுக்குக் கீழ, எல்லாம் தேடிட்டன். கெணத்த ரெண்டு தரம் எட்டிப் பாத்தன். யா அல்லாஹ், தண்ணி அசையாமக் கிடக்கக்குள்ளயும் பயமாத்தான் இரிக்கி.

— கடற்கரப் பக்கம் பாத்தீங்களா?

— அங்கதான் போய்க்கிட்டிரிக்கன். நீங்க ஃபோன வெச்சிடாதீங்க மருமகன். தனியப் போய் அந்தக் கடலப் பாக்க எனக்கு ஏலா.

— வைக்கமாட்டன், நடங்க. பாருங்க மாமா, நேத்தும் சென்னன்தானே. ஸ்கூலுக்கு அனுப்பாட்டி வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வந்து கூட்டிட்டுப் போயிடுவன் எண்டு.

— நான் ஊட்டுல படிப்பிக்கன்தானே! கல்முனையில இரிந்து உங்கட பொத்துவில் வரைக்கும், பஸ் நிக்கிற ஊரெல்லாம் பாக்காம எழுதுவா. கொண்டக்டரா இரிந்து கூவின வாய் மருமகன் இது. நான் கூவக் கூவ அவ முத்தத்து மண்ணுல எழுதுவா. ஒரு ஊரு நான் விட்டாலும் சிரிப்பா.

— ஊரு பேர் எழுதினாப் போதுமா? நாலு புள்ளயளோட சேர வேணாமா?

— நீங்க ரெண்டாம் கலியாணம் முடிச்சிப் போயிட்டீங்க, லேசாச் செல்லுவீங்க. அவ ஸ்கூல்ல இரிக்கக்குள்ளதானே என்ட மகள் றுஸ்னா மௌத்தாகின? புத்தகப் பேக்கோட ஓடி வந்தவ, உம்மாவ வெள்ளத் துணியால மூடிக் கிடத்தி இரிந்ததத்தானே கண்டா? அண்டயிலிரிந்து ஸ்கூல் கேட்டக் கண்டாலே திண்டதெல்லாத்தையும் சத்தி எடுக்கா. அந்தப் புள்ளயப் புடிச்சித் தள்ளச் செல்றீங்களா?

— சரி மாமா, சரி. இப்ப அதக் கதைக்காதீங்க. ரோட்டுல ஆரும் நிண்டா கேளுங்க.

— அந்தா எங்கட தெரு ஜுனைதா நிக்கா. ஜுனைதா! என்ட பேத்தியக் கண்டியா?

— ஏன் கலந்தர் காக்கா இப்பிடி மூச்சு வாங்குறீங்க? காலையில வந்து என்ட மகள்ட பழைய யூனிபோமக் கேட்டாவே. நீங்க அனுப்பின எண்டெல்லா நெனச்சிக் குடுத்தன்.

— யூனிபோமா? எந்தப் பக்கம் போனா?

— ஸ்கூல் பக்கம்தான். ரோட்டு முடக்குல நிண்டு சத்தி எடுத்தா காக்கா. கூப்பிட்டுப் பாத்தன். வாயத் தொடச்சிட்டு நடந்துட்டா.

— மாமா, எனக்கும் கேட்டிச்சி. நிக்காதீங்க, ஓடுங்க!

— ஓடுறன்... ஓடுறன்... அந்தா! ஜன்னலுக்கால தெரியிது, கிளாஸ்ல முன் வாங்குல இரிக்கா. அல்ஹம்துலில்லாஹ்! ஸில்மியா! என்ட கிளி!

— சத்தம் போடாதீங்க மூத்தப்பா! டீச்சர் ஏசுவாங்க.

— செல்லாமக் கொள்ளாம ஏன் மகள் வந்த? என்ட உசிரே போயிட்டு!

— நேத்து வாப்பா ஃபோன்ல கத்தினது எனக்கும் கேட்டிச்சி. நான் ஸ்கூலுக்கு வந்தா என்னக் கூட்டிட்டுப் போகமாட்டார்தானே?

— கேட்டீங்களா மருமகன்?

— கேட்டன் மாமா.

— இவ்வளவு தூரம் தனிய வர உனக்குப் பயமா இரிக்கல்லயா கிளி?

— வர பயமில்ல. நான் இங்க இரிக்கக்குள்ள நீங்களும் உம்மா மாதிரி மௌத்தாகிடுவீங்க எண்டுதான் பயம். இப்ப கண்டுட்டன்தானே, ஊட்ட போங்க மூத்தப்பா. இன்டர்வெல்லுக்கு மட்டும் ஒருக்கா வந்து முகத்தக் காட்டுங்க.