சிவப்புக் கார்டும் அமேசான் பாஷையும்

இருளாயி: ஈப்போ டவுன் ஆபீஸ்ல என்னங்க சொன்னான்? வேலை பெர்மிட்டு குடுத்தானா?

ஐயாவு: மொதல்ல கோப்பி குடு.

இருளாயி: ஆறிப்போச்சு. அப்படியே குடிங்க. சொல்லுங்க.

ஐயாவு: அங்க வரிசைல நிக்கறப்ப அமேசான் காட்டு ஞாபகம் வந்துருச்சு புள்ள.

இருளாயி: ஐயோ... ஆரம்பிச்சிட்டாரு.

ஐயாவு: ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போனான், அங்கேருந்து ஓடி வந்தேன்ல? வழி தப்பிருச்சு. நடந்தேன்... நடந்தேன்... அமேசான்.

இருளாயி: நடுவுல கடல் இருக்குலா!

ஐயாவு: அது வெயில் காலம்.

இருளாயி: நான் பெர்மிட்டக் கேட்டேன்.

ஐயாவு: கேளேன். அந்தக் காட்டு சனங்க பாஷைல வெறும் 'கை'ன்னு சொல்ல முடியாது. என் கை, உன் கை, அவன் கை... ஆளோட சேந்துதான் வார்த்தையே வரும். நான் ஒரு நாளு வெறும் 'பொண்டாட்டி'ன்னுட்டேன். ஊரே கூடிருச்சு. யாரோட பொண்டாட்டி, யாரோட பொண்டாட்டின்னு...

இருளாயி: என்ன சொன்னீங்க?

ஐயாவு: என்னோடதுன்னேன். அப்ப உன்னப் பாத்தது கூட இல்ல.

இருளாயி: வாயப் பாரு!

ஐயாவு: நம்மள மாதிரியே அவங்களுக்கும் 'நாம' வேற, 'நாங்க' வேற. 'நாங்க'ன்னா கேக்கறவன் வெளிய.

இருளாயி: ஆபீஸ்காரன் எந்தப் பாஷைல பேசுனான்?

ஐயாவு: மலாய்ல. 'கமி... கமி'ன்னான். அதுவும் 'நாங்க'தான்.

இருளாயி: எல்லாம் உங்க வாயால வந்தது. மெர்டேக்கான்னு மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தப்ப எஸ்டேட்டுக்கே வந்து பிரஜைன்னு பேரு எழுதுனாங்க. பொறந்த ஊரு அமேசான்னு சொன்னா எவன் எழுதுவான்? ஃபாரத்த மடிச்சிட்டுப் போயிட்டான். இங்க பொறந்த எனக்குப் பிரஜைன்னு நீலக் கார்டு. உங்களுக்கு இன்னும் வெளிநாட்டான்னு சிவப்பு.

ஐயாவு: ரப்பர் மரமும் அங்க பொறந்ததுதான். அதுகிட்ட யாரும் கார்டு கேக்கலியே.

இருளாயி: எங்க... மூஞ்சியக் காட்டுங்க.

ஐயாவு: வெயில்ல வந்தேன். கண்ணு எரியுது.

இருளாயி: நம்ம மக காளியம்மாவுக்கு இது எட்டாம் மாசம். புருசனையும் பறிகொடுத்துட்டு நிக்கறா. நம்மள விட்டா அவளுக்கு யாரு?

ஐயாவு: குடுத்துருவான் புள்ள. அடுத்த வாரம் வரச் சொன்னான்.

இருளாயி: அப்படியா சொன்னான்?

ஐயாவு: சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

இருளாயி: போன தடவ ஆபீஸ்லேருந்து வந்தத எனக்குத் தெரியாம கூரைல சொருகி வச்சீங்களே ஒரு கடுதாசி... அத அன்னைக்கே எஸ்டேட்டுல கணக்கெழுதற கிராணிகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிட்டேங்க. பெர்மிட்டு கெடையாதாம், மாசக் கடைசிக்குள்ள நீங்க இந்தியாவுக்குக் கப்பலேறணுமாம். பொட்டி கட்டிலுக்கு அடில இருக்கு. உங்க வேட்டி சட்டைய மட்டுந்தான் மடிச்சு வச்சிருக்கேன்.