ஏழாவது வரி

— அந்த ஏழாவது வரியை எடுத்துரு தனுஜா. சாயங்காலம் ஜார்ஜ்டவுன் கிளினிக்காரங்க நம்ம போன் புக்கிங் சிஸ்டத்தோட டெஸ்ட் ரிப்போர்ட் பாக்க வர்றாங்க.

— எப்படி யுகேன் அண்ணே எடுக்குறது? டெஸ்ட்டு ஒண்ணுதான், அதுக்குக் கீழ ஏழு வரி. வரிக்கு ஒரு ஆளு. வயசு, அடையாள அட்டை, அதான் ஐசி, என்ன கலரு, சிஸ்டம் என்ன பதில் சொல்லணும். ஆறு பேரு பாஸு. ஏழாவது ஆளுக்கு மட்டும் கண் ஆபரேஷனுக்கு எடமில்ல, ஃபுல்லுன்னு வருது.

— ஃபுல்லா இருக்கும்லா.

— டேட்டா போட்டதே நாந்தான், எல்லா நாளும் காலி. அதே ஆளுக்கு நீல ஐசின்னு மாத்துனா ஒடனே தேதி குடுக்குது. சிவப்பு ஐசின்னா ஃபுல்லு. புரோகிராம்ல எங்கயோ பக் இருக்குண்ணே, மத்தியானத்துக்குள்ள புடிச்சிருவேன்.

— புடிக்காத.

— ஏன்?

— பக் இல்ல அது. நான் எழுதுனது. குடியுரிமை இல்லாதவங்களுக்கு ஓசி ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க கிளினிக்ல. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா சண்டைக்கு வருவாங்களாம். அதான் ஃபுல்லுன்னு சொல்லச் சொன்னாங்க.

— அண்ணே, இங்கயே பொறந்து, ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்கண்ணே அவங்கள்லாம். பேப்பர் சரியில்லன்னு சிவப்பு ஐசி. அடுத்த வாரமும் போன் அடிச்சுப் பாப்பாங்களே.

— எனக்குத் தெரியாதா? நானும் பைராம் தோட்டத்துல வளந்தவன்தான். கஸ்டமர் கேட்டான், செஞ்சு குடுத்தேன். நாலு மாசமா ஓடுது, ஒருத்தரும் குறை சொல்லல.

— ஃபுல்லுன்னா யாருண்ணே குறை சொல்லுவா? நம்ம நேரம் சரியில்லன்னு போயிருவாங்க.

— நீ இன்னும் புரொபேஷன்ல இருக்க. நான் சைன் போடலன்னா மொதலாளி ஒன்ன வீட்டுக்கு அனுப்பிருவாரு. வரியை எடு.

— எடுக்க மனசு வரலண்ணே.

— சும்மா போட்ட ஒரு ஆளுக்கு ஏம்மா இப்படிக் கஷ்டப்படுற?

— சும்மா போடலண்ணே. ஞாயித்துக்கெழம நிபோங் திபால் கோயில்ல உங்கம்மாவப் பாத்தேன். அவங்க வயசு, அவங்க சிவப்பு ஐசிதான் அந்த வரி.

— எங்கம்மாவா? அவங்களுக்குக் கண்ணுல ஒண்ணுமில்லையே.

— ரெண்டு கண்ணும் பொகையாத்தான் தெரியுதாம். “எம்மவன் செஞ்ச கம்ப்யூட்டருதானாம், எந்த வாரம் கேட்டாலும் ஃபுல்லுங்குது. எங்கயோ தப்புப் பண்ணிட்டான்போல, நீயே சரி பண்ணிரும்மா. அவன்கிட்ட சொல்லிராத, மனசு ஒடஞ்சி போயிருவான்”னாங்க.