விருந்தாளிக்கு ஒரு கோப்பை

ஓய்வு பெற்று விடைபெறும் நன்னடத்தை அலுவலர் அம்மையார் அவர்களே, அவரை வாழ்த்த வந்திருக்கும் நீதிபதி ஐயா அவர்களே, ஆன்றோர்களே, என்னைக் கண்டதும் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்ட தாய்மார்களே! வணக்கம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் திருடன். நாற்பத்தாறு வயதில், தலை நரைத்த பிறகு, பீங்கான் கடையில் தேநீர்க் கோப்பையை மழைக்கோட்டின் இடது பையில் போட்டுப் பிடிபட்டவன். சிரியுங்கள்! காவலாளியும் சிரித்தார். "ஏன் சார், சாஸரை மட்டும் விட்டுட்டீங்க?" என்றார்.

முதல் முறை குற்றம் செய்தவனுக்குத் தண்டனை அளக்கும் தராசில் எதை எதை வைக்கிறார்கள்? குற்றத்தின் கனம், கடந்த வாழ்க்கை, படும் வருத்தம். மூன்றிலும் தேறினேன். பிறகு நீதிபதி ஐயா கேட்டார்: "நீங்க மறுபடி தப்புப் பண்ணாம பாத்துக்க, உங்களுக்குன்னு யாராவது இருக்காங்களா?"

திரும்பிப் பார்த்தேன். மனைவி இல்லை, மக்கள் இல்லை, சண்டை போட ஒரு மச்சான்கூட இல்லை. கடைசி பெஞ்சில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரும் வேறு வழக்குக்கு வந்தவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். உள்ளே போனால் அந்த வேலையும் போகும். தட்டிக்கேட்க ஆளில்லாதவனைக் கம்பிதான் தட்டிக்கேட்க வேண்டுமா?

அறிக்கை எழுத அம்மையார் என் மாடி அறைக்கு வந்தார். ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். விளிம்பு உடைந்த கோப்பையில் எனக்கும், புதுக் கோப்பையில் அவருக்கும் தேநீர்.

"பரவாயில்லையே, விருந்தாளிக்குன்னு தனிக் கப்பு! யாரெல்லாம் வருவாங்க?"

"இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. எழுதினார்: 'வராத விருந்தாளிக்கும் கோப்பை வைத்திருக்கிறார். இவர் திருந்துவார்.' அந்த வரியைப் படித்துத்தான் ஐயா சிறையை விலக்கி, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்.

மாதம் ஒரு முறை, பன்னிரண்டு முறை கதவு தட்டப்பட்டது. பதின்மூன்றாம் மாதமும் பழக்கத்தில் இரண்டு கோப்பை ஊற்றினேன். ஒன்று ஆறிப்போனது. இன்னொரு முறை திருடலாமா என்றுகூட யோசித்தேன்!

முன்வரிசை அண்ணே, சும்மா சொன்னேன், எழுந்திருக்காதீங்க!

அவையோரே! முதல் முறை தவறியவனிடம் 'என்ன எடுத்தாய்?' என்று கேளுங்கள், 'ஏன் எடுத்தாய்?' என்று கேளுங்கள், கூடவே 'உன் கதவை யார் தட்டுகிறார்கள்?' என்றும் கேளுங்கள்! யாரும் இல்லை என்றால், நீங்கள் போய்த் தட்டுங்கள்!

கேட்ட செவிகளுக்கு நன்றி. அம்மா, என் பரிசாக அந்த விருந்தாளிக் கோப்பையையே கொண்டுவந்திருக்கிறேன், உங்களிடமே இருக்கட்டும். ஐயா கோபிக்கக் கூடாது: அன்று கடையில் காவலாளி இடது பையை மட்டும்தான் சோதித்தார்.

வணக்கம்!