வெயில் பக்கத்து இருக்கை

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பெருமாநல்லூரில் நின்ற திருப்பூர் பேருந்தில் எல்லோரும் நிழல் பக்கத்து இருக்கைக்கு அடித்துக்கொண்டோம். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. பின்னால் ஏறிய இரண்டு பெண்களில் இளையவர், "வெயில் பக்கமே உக்காரலாங்க அக்கா, டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு" என்றார்.

"வெயிலையா எழுதிக் குடுத்தாரு?" என்றார் மூத்தவர்.

"மாத்திரையோட வெயிலும்ங்க. ஓயாம சளி புடிக்குதுன்னு போனேன். வைட்டமின் டி ரொம்பக் கொறவாமுங்க. நோயை எதுத்து நிக்க ஒடம்புக்கு அதுவும் வேணுமாம். நாளெல்லாம் கம்பெனிக்குள்ள டியூப்லைட்டுதானுங்களே."

"ஏன் சரசு, சாயத்துணி காயப்போட்ட களத்துல எத்தன வருசம் வெயில்ல நின்னோம்!"

"எங்கீங்க நின்னோம்? துணிக்கடியில ஒளிஞ்சுக்குவோம். மேஸ்திரி, 'வெயில் துணிக்கு, நெழல் உங்களுக்கா'ன்னு கத்துவாரு."

"கல்யாணத்துக்குள்ள கறுத்துப் போயிருவேன்னு அழுவியே."

"நீங்கதானுங்க எந்தலைக்கு மேல முந்தானையப் புடிப்பீங்க."

பேருந்து கிளம்பித் திரும்பியது. வெயில் நேராக இளையவர் முகத்தில் விழுந்தது. மூத்தவரின் கை தன்னால் முந்தானையை உயர்த்தியது. இளையவர் சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். திருப்பூர் வரும்வரை விடவில்லை.