வரிசையில் பச்சைக் குடம்

– யோவ், என் பச்ச கொடத்த எங்கய்யா வெச்ச?

– வரிசையில கீது.

– இன்னிக்கு தண்ணி லாரியே வராதே.

– லாரி வரிசை இல்ல பூமாரி. கார்ப்பரேசன் ஸ்கூலாண்ட. பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை வாயில புத்து வருமான்னு முன்னாடியே டெஸ்ட் பண்றாங்களே, அந்த கேம்ப்பு. விடியகாலைல போய் மொத ஆளா வெச்சிட்டேன்.

– டெஸ்ட்டுக்கு கொடத்தையா வெச்ச?

– பின்ன? அந்த வரிசையில ஆம்பள நான் நிக்க முடியுமா?

– தண்ணி வரிசைக்குன்னு அதுல என் பேர வேற எழுதி வெச்சிக்கிறியே. ஹார்பர்ல கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டு, தேச்சாலும் போவாது. கோதண்டம் பொண்டாட்டிக்கு இன்னாவோ கலீஜ் நோவுன்னு வியாசர்பாடி பூரா பேசும்.

– எவளும் பேசல. உன் கொடத்த பாத்துட்டு பின்னாடியே வரிசையா வெச்சிட்டாளுங்க. உன் தோஸ்து ஜீனத்துக்கு கொடம் கெடைக்கல, பக்கெட்ட வெச்சிட்டு போச்சு.

– சிரிக்க வெக்காதய்யா. எனக்கு ஒண்ணும் இல்ல, போய் எட்துனு வா.

– எங்கக்காவும் அதான் சொல்லுச்சு. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு கறத் துணிய மறைச்சி மறைச்சி தோச்சுது. டாக்டராண்ட போறதுக்குள்ள முத்திப் போச்சு. மூலக்கொத்தளம் சுடுகாட்டுல மண்ணு தள்ளுனவன் நானு.

– தெரியும்யா.

– லேடி டாக்டருதான் பாப்பாங்களாம். வலிக்கவே வலிக்காதாம்.

– லேசா வலிக்கும். காடி மாதிரி புளிச்ச தண்ணி ஒண்ணு தடவுவாங்க, சில்லுனு இருக்கும்.

– உனுக்கு எப்டி தெரியும்?

– போன மாசம் பக்கத்து வூட்டு அம்முவுக்கு தொணையா ஆஸ்பத்திரிக்கு போனேன்னு சொன்னேன்ல. நெசத்துல அவதான் எனக்கு தொண.

– பூமாரி.

– மூஞ்சிய அப்டி வெச்சிக்காத, உக்காரு. புத்து இல்ல. வெள்ளையா ஒரு திட்டு கீதாம். அப்டியே வுட்டா பின்னால புத்தா மாறலாமாம். இப்பவே அந்தத் திட்ட குளுர்ல ஒறைய வெச்சி அழிச்சிட்டா பயமில்லன்னு டாக்டரம்மா சொல்லுச்சு.

– என்னாண்ட ஏன் சொல்லல?

– அக்கா போனப்போ நீ சோறு தண்ணி இல்லாம கெடந்தத பாத்தவ நானு. வாய் வர்ல.

– எப்ப வரச் சொல்லிக்கிறாங்க?

– இன்னிக்கு பத்து மணிக்கு. உன் வூட்டுக்காரரக் கூட்டினு வா, அவருக்கு நாங்க தைரியம் சொல்றோம்னாங்க. பெயிண்டு ஒட்டாத வேற சட்ட போட்டுகினு வா.